மேற்கே சாய்ந்த தண்ணீர்

போன மாதம் ஆம்பூர் பஜாரில் ஒரு ரசமட்டம் வாங்கினேன். சுவர் எழுப்பும்போது கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதுதான். வீட்டில் கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை. நடத்துகிற வசதியும் இல்லை. ரசமட்டத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, நான் பிறந்த ஊரை ஒட்டியிருக்கும் சின்ன அணைக்குப் போனேன். கரையோரம் முழங்கால் போட்டு, ஒரு பலகையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, அணைத் தண்ணீர் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன்.

முதுகலைப் பட்டம் வாங்கியவன். இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ரொம்ப நேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் கிட்டே வந்தாள்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"தண்ணி சாய்ஞ்சி நிக்குதான்னு பாக்கறேம்மா."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ரசமட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கூட யார்னா வந்துகிறாங்களா சார்?"

குமிழி நடுவில்தான் நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

என்னோடு சேர்ந்து ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் ஊரே சேர்ந்து நம்பிய ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. புளியங்கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று நம்பியவர், இன்றைக்கும் கொட்டையை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். படிப்பு மூளைக்குப் போகிறது. இதெல்லாம் வேறு எங்கோ தங்கிவிடுகிறது. எனக்கு வாய்த்தது இது: எங்கள் அணையில் தண்ணீர் மேற்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

அணை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜவ்வாது மலை கால் நீட்டிப் படுத்திருக்கிற இடத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மலையிலிருந்து இறங்கும் ஒரு கானாற்றை மறித்துப் போட்ட மண் கரை. நடுவில் ஒரு மதகு. கிழக்கு முனையில் எங்கள் ஊர், மேற்கு முனையில் அந்த ஊர். அந்த ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'அந்த ஊர்' என்றால் போதும். அவர்களும் எங்களை 'அந்த ஊர்' என்றுதான் சொல்கிறார்கள் என்று பிற்பாடு தெரியவந்தபோது, யாரோ எங்கள் பொருளைத் திருடிவிட்ட மாதிரி கோபம் வந்தது.

அணை நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் இரண்டு முனையிலும் தாழ்வாக ஒரு கல் சுவர் கட்டியிருந்தார்கள். அதற்கு எங்கள் பக்கம் கோடி என்று பெயர். தண்ணீர் அந்தக் கல்மேல் ஏறி அந்தப் பக்கம் விழ ஆரம்பித்தால், கோடி போகிறது என்று அர்த்தம். மழை பொய்க்காத வருஷங்களில் கார்த்திகை வாக்கில் கோடி போகும்.

அங்கேதான் வம்பு. எந்த ஊர்க் கோடி முதலில் போகிறதோ அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் போட்டு, கற்பூரம் காட்டி, கெங்கையம்மனுக்கு ஆடு வெட்ட வேண்டும். அங்கேயே கரையடியில் அடுப்பு கூட்டி இரண்டு ஊருக்கும் சமைத்துப் போட வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் இலையைத் தாங்களே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். போடுகிற ஊர் அந்த வருஷத்துக்கு மூத்த ஊர். தின்கிற ஊர் இளைய ஊர். இந்தச் சட்டத்தை யார் போட்டது, எங்கே எழுதியிருக்கிறது என்றெல்லாம் கேட்டால் அடிதான் விழும்.

அணை கட்டின நாளிலிருந்து முதலில் போனது மேற்குக் கோடிதான். ஒவ்வொரு தடவையும். நாங்கள் இலையை இடுக்கிக்கொண்டு போனோம்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு விளக்கம் இருந்தது. அணை கட்ட வந்த இன்ஜினியருக்கு அந்த ஊர்க்காரர்கள் தினமும் கோழி அடித்துப் போட்டார்களாம். நாங்கள் மோர் கொடுத்தோமாம். கோழி தின்றவன் கோழிக்கு விசுவாசமாக, தண்ணீர் மேற்கே சாய்கிற மாதிரி அணையைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். என் வயசுப் பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும். கரையில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், மேற்கே தண்ணீர் ஒரு விரற்கடை உயரமாக நிற்பது கண்கூடாகத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இதை நம்பாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் இருந்தாள். என் அப்பாவின் தங்கை, என் அத்தை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை. ஒரு நாள் சாப்பிடுகிற நேரத்தில் அவள் பெரியப்பாவிடமே கேட்டுவிட்டாள்.

"வாளியில தண்ணி புடிச்சா சாய்ஞ்சா நிக்குது? அணையில மட்டும் எப்படிண்ணா சாயும்?"

பெரியப்பா பிசைந்த கையை நிறுத்தினார். அப்பாவுக்கு அண்ணன்; எங்கள் வீட்டிலும் ஊரிலும் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அவருடையது.

"வாளி இன்னா கவர்மெண்டு கட்னதா?" என்றார்.

அத்தை எழுந்து கை கழுவப் போனாள். அந்தக் கேள்விக்கு நான் இன்று வரைக்கும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் வாசனையில் ஆரம்பிக்க வேண்டும். பாதி ஊர் பயிர் வைத்தது. மீதி ஊர் தோல் வேலைக்குப் போனது. அப்பா தோல் பதனிடும் வேலை செய்த டேனரியின் வாடை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். குளித்த பிறகு கொஞ்சம் தள்ளி உட்காரும், போகாது. அத்தை மேல் அடித்தது வேறு வாசனை, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. சாயங்காலம் வந்து உட்கார்ந்து, விரல் நுனிகளில் காய்ந்து கிடக்கும் சொல்யூஷனை உரித்து உருட்டி, சின்னச் சின்ன ரப்பர் உருண்டையாக்கி என்னிடம் கொடுப்பாள். தரையில் அடித்தால் கூரை வரைக்கும் எகிறும். அதைப் போல ஒரு விளையாட்டுச் சாமானை அப்புறம் எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

காலுக்கு, கம்பெனியில் கழித்துப்போட்ட சரக்கு. கழித்ததில் ஜோடி கிடைக்காது. என் செருப்பு இரண்டும் இடது கால். என் தோஸ்த் ஒருவனுக்கு இரண்டும் வலது. ஒரு ஒற்றை மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அது அவரவர் செருப்பு. பனி கொட்டுகிற ஏதோ தேசத்துக்காகத் தைத்து, ஏதோ குறையால் நின்றுபோன ரோமம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் மாடு மேய்த்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் ஒரு பையன் அதே கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். அவர் வெட்டுகிற தோல் மேசை மேசையாக நகர்ந்து அத்தையின் மெஷினுக்கு வரும். "கட்டிங்குல ஒருத்தர் வெட்ற பீஸ் மட்டும் ஓரத்துல பிசிறே இருக்காது" என்று அத்தை ஒரு நாள் பொதுவாகச் சொன்னபோதே பெரியவர்கள் உஷாராகியிருக்க வேண்டும். அவர்கள் ஆகவில்லை. அந்த வருஷம் ஆவணியில் அவர் வீட்டிலிருந்து பூவும் பழமுமாக வந்து நின்றபோதுதான் விழித்துக்கொண்டார்கள்.

சாதி சனத்தில் குறை இல்லை. பையன் நல்ல பையன். ஒரே ஒரு குறை, பையனின் அப்பா. அவர்தான் அந்த ஊரில் முதல் பேச்சு. போன தடவை கோடி போனபோது சாப்பாட்டில் அவரே கரண்டியோடு வந்து, பெரியப்பாவின் இலையில் ஒரு கழுத்தெலும்பைப் போட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "கூச்சப்படாம சாப்புடுங்க" என்று சொல்லியிருந்தார். இந்த இரண்டு வார்த்தையைப் பெரியப்பா வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மாடு கழுவும்போதுகூடத் திடீரென்று, "கூச்சப்படாமன்றான் என்ன" என்று மாட்டிடம் சொல்வார்.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கிற நேரத்தில் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு குடுக்கறதுல எங்களுக்குத் தடை இல்ல. தை மாசம் வெச்சிக்கலாம். ஆனா பொண்ணு குடுக்கறவன் தலை குனியணும். கோடி சோறு துன்றவனும் தலை குனியணும். ஒரே வருசத்துல ரெண்டு தபா குனிய என் கழுத்து ஒத்துக்காது. இந்த வருசம் எங்க கோடி மொதல்ல போவட்டும், பொண்ண கூட்டிக்கினு போங்க. உங்க கோடி போச்சின்னா வேற எடம் பாருங்க."

பையனின் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் தன் மகனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் பேசியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. கட்டைவிரலில் இருந்த சொல்யூஷனை உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்க ஒன்றும் மீதி இல்லாதபோதும் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த மாதிரி மழை அப்புறம் எனக்கு நினைவில்லை. மலை தெரியாது, மலை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் துணி தொங்கும். கானாறு சிவப்பாக இறங்கியது. பள்ளிக்கூடம் ஒழுகியதால் லீவு விட்டார்கள். அணை வளர்வதைத் தினமும் பார்த்தோம். நேற்று நாங்கள் உட்கார்ந்த பாறை இன்று தண்ணீருக்குள் இருக்கும். பையன்களுக்குப் பெரியப்பா உத்தியோகம் போட்டுக் கொடுத்தார். இரண்டு கோடியையும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கூலி, மல்லாட்டை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இடுப்புத்துணியில் முடிந்துகொண்டு கொறித்தபடி ரோந்து போவோம்.

அத்தைக்கும் நான் தனியாக அறிக்கை கொடுத்தேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி அதுதான்.

"எங்கடா கீது?"

"அவங்களுக்கு ஒரு முழம் பாக்கி. நமக்கு அதுக்கு மேல."

"எவ்ளோ மேல?"

"ஜாஸ்திதான் அத்தே."

அவள் டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வாள். அவ்வளவுதான். அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்ததை அம்மா மட்டும் கவனித்தாள். பெரியப்பா மழையைக் கவனித்தார்.

இந்த நேரத்தில் அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. என் அப்பா யோசிக்கிறவர் இல்லை, நல்ல உழைப்பாளி. யோசித்த சில சமயங்களில் நாங்கள் எல்லோரும் கஷ்டப்பட்டிருக்கிறோம்.

"ண்ணா, இன்ஜினியரு தண்ணிய அந்தப் பக்கம் சாய்ச்சிட்டான். சரி. நாம அவனுங்க கோடிய ஏத்திட்டா?"

"எப்படி ஏத்துவ?"

"மேல மூட்டை அடுக்கிட்டா தண்ணி நம்ம பக்கம் வந்துதான ஆவணும்?"

பெரியப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். தம்பியைப் பற்றித் தான் இத்தனை நாள் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்கிற பார்வை.

மூட்டைக்கு மண் அள்ளினால் ஊர் பார்க்கும். அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். டேனரிக்கு வருகிற பச்சைத் தோல் கெட்டுப் போகாமல் இருக்க உப்புத் தடவி வரும். வந்ததும் தோலை உதறி, விழுகிற உப்பைக் கூட்டிச் சாக்கில் கட்டி, யார்டில் ஒரு மூலையில் போடுவார்கள். மாதக்கணக்கில் கிடந்து கிடந்து, காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகி, மூட்டை பாறையாகிவிடும். எங்கள் ஊர்த் தோல்காரர்களுக்கு உப்பு மூட்டை என்றால் அதுதான். உட்காருவதற்கும் உயரத்தில் ஏறுவதற்கும் உதவுகிற பொருள்.

"கல்லு மாதிரி கீதுண்ணா. கடப்பாரை போட்டாக்கூட தெறிக்காது" என்றார் அப்பா.

தினமும் காலையில் தோலைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு உப்பைக் கரைத்து எடுப்பதுதான் அவர் தொழில். அந்த உப்பும் இந்த உப்பும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவுக்கும் தோன்றவில்லை. கூடப் போன ஆட்கள் எல்லோரும் தோல் வேலைக்காரர்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் பயமாக இருக்கிறது, பெரியவர்களை நம்பித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம்.

டேனரி முதலாளி பாயிடம் அப்பா போய், மூட்டைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். பாய் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டாராம். "எல்லாத்தையும் எடுத்துக்கோ. டிராக்டரும் எடுத்துக்கோ. இன்னும் வேணும்னா அடுத்த மாசம் வா" என்றாராம்.

நல்ல வேளையாக அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் நெமிலிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு லாரி பிடித்துப் போயிருந்தார்கள். மறுநாள்தான் திரும்புவார்கள். பையனின் அப்பாவும் போய்விட்டார். ஷிப்மெண்ட் நேரம் என்று லீவு கிடைக்காமல் பையன் மட்டும் வேலைக்குப் போயிருந்தார். பட்டப்பகலில், மழை கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து, மேற்குக் கோடியின் கல்மேல் எங்கள் ஆட்கள் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். அழகாகத்தான் அடுக்கினார்கள். பெரியப்பா ஒரு மூட்டைமேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. ஆடு பிடித்துவர ஆள் அனுப்பினார். என்னைக் காவலுக்கு ஒரு பனைமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மழை திரும்ப வந்தது.

மூட்டைகள் முதலில் பளபளவென்று ஆயின. அப்புறம் ஓரத்து மூட்டை ஒன்று லேசாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகு அது மெதுவாக, விருந்து சாப்பிட்ட ஆள் பாயில் சாய்கிற மாதிரி, பக்கத்து மூட்டைமேல் சாய்ந்தது. அதுவும் சாய்ந்தது. கீழே அலை வந்து வந்து நக்கிவிட்டுப் போனது. அந்தி சாய்வதற்குள் கல்லின்மேல் மூட்டைகள் இல்லை. வெறும் சாக்குகள், துவைத்துப் பிழியாமல் போட்ட துணி மாதிரி கிடந்தன. தண்ணீர் கல்லின் விளிம்புக்கே வந்துவிட்டது. காற்று அடிக்கிறபோது எட்டி எட்டிப் பார்த்தது.

எழுந்து ஓடினேன். வீட்டுக்குப் போக வேண்டுமானால் கரை முழுக்க ஓடி, எங்கள் கோடியைத் தாண்டிப் போக வேண்டும். பாதிக் கரையில், கம்பெனி வேன் நிற்கிற ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை வந்து சேருகிற இடத்தில், ஒரு குடைக்குக் கீழே அத்தையும் அவளைப் பெண் கேட்ட அவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தே, உப்பு கரைஞ்சிடுச்சி" என்றேன்.

மூட்டை விஷயம் அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா வருத்தமா என்று தெரியவில்லை.

"உப்பையா வெச்சாங்க?" என்றார் இரண்டு தடவை.

அத்தை சிரிக்கவில்லை. "இன்னும் எவ்ளோ கீது அந்தப் பக்கம்?"

"அவ்ளோதான் அத்தே. ராத்திரி சோறு துன்றதுக்குள்ள போயிடும்."

"போச்சின்னா எங்க அண்ணன் சொன்னது சொன்னதுதான்" என்றாள் அவரிடம். அது உண்மை. அடுத்தவன் கோடியில் மூட்டை வைப்பது பெரியப்பாவுக்குச் சாமர்த்தியம். ஆனால் போன தண்ணீரைப் போகவில்லை என்று சொல்வது பொய். பொய் மட்டும் அவர் சொல்லமாட்டார்.

அத்தை எங்கள் கோடியைப் பார்த்து நடந்தாள். போய் நின்று குனிந்து பார்த்தாள். எங்கள் கோடியின் மேல் விளிம்பு, பச்சைப் பசேலென்று அருகம்புல் மூடி, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவள் புல்லுக்குள் கையை விட்டாள். கை உள்ளே போனது.

"கல்லு இல்ல. மண்ணு," என்றாள். "கல்லு கீழ கீது. தண்ணி கல்லுக்கு மேல ஏறி எந்நேரமோ ஆயிடுச்சி."

அவர் என்னைப் பார்த்தார். "இந்த மண்ணு யாருப்பா போட்டது?"

"நாங்கதான்," என்றேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. "வருசா வருசம் சித்திரையில ஊரே சேர்ந்து போடுவோம். தண்ணி வீணா வழிஞ்சி போவக்கூடாதுன்னு. பெரியப்பாதான் மொதல் கூடை கொட்டுவாரு."

அவர் குடையைப் பிடித்தபடியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது சந்தேகமில்லை, சிரிப்புதான்.

பல வருஷம் கழித்துத்தான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. சித்திரையில் எங்கள் ஊர் விவசாயி; ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விட மனசில்லாமல் மண்ணைக் கொட்டிக் கோடியை உயர்த்தியது. கார்த்திகையில் அதே ஊர் மானஸ்தன். ஏன் நம் கோடி போகவில்லை என்று இன்ஜினியரைத் திட்டியது. இந்த இரண்டு பேரையும் யாரும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கவில்லை. பாவம் அந்த இன்ஜினியர். கல்லைப் பார்த்தால் அவன் எங்கள் பக்கம்தான் தாழ்வாகக் கட்டியிருந்தான். மோருக்கு விசுவாசமாக.

பக்கத்துக் கிணற்றுப் பம்பு செட்டிலிருந்து அத்தை ஒரு மண்வெட்டி எடுத்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினாள். அவர் கையாலேயே புல் கட்டிகளைப் பிடுங்கி எறிந்தார். பிசிறில்லாமல் வெட்டுகிறவர் என்று பேர் வாங்கியவர், அன்றைக்கு எருமை மாதிரி சேற்றில் புரண்டார். குடையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் எனக்கே பிடித்துக்கொண்டேன்.

முதலில் விரல் தடிமனுக்கு ஒரு நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. அத்தை வெட்டுவதை நிறுத்தினாள். நூல் கயிறானது. கயிறு மண்ணைக் கரைத்துக்கொண்டு அகலமானது. அப்புறம் மொத்தமாக ஒரு வரப்பு அப்படியே பெயர்ந்து போக, கல்மேல் பழுப்புக் கண்ணாடி மாதிரி தண்ணீர் விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றதால் என் இரண்டு இடது கால் செருப்பையும் அது கொண்டுபோய்விட்டது.

அத்தை என் தோளைப் பிடித்தாள். கையெல்லாம் சேறு.

"ஓடிப்போயி பெரியப்பாகிட்ட கோடி போவுதுன்னு சொல்லு. அது மட்டும் சொல்லு. வேற இன்னா கேட்டாலும் உனுக்குத் தெரியாது."

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தது?"

"அதுவும் தெரியாது."

பெரியப்பா ஓடி வந்ததை நான் மறக்கமாட்டேன். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வழியில் ஒரு தடவை விழுந்து, எழுந்து, பின்னால் ஊரே லாந்தரும் டார்ச்சுமாக வர, கோடிக்கு வந்து நின்றார். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாத்தியாடா," என்றார் அப்பாவிடம். "நம்ம மூட்டை வேலை செஞ்சிடுச்சி. தண்ணி நேராயிடுச்சி."

அப்பா அடக்கமாகத் தலையை ஆட்டினார். மூட்டை கரைந்ததை நான் சொல்லவில்லை. வேறு எதுவும் தெரியாது என்பது எனக்கு வந்திருந்த உத்தரவு. வீட்டுக்கு வந்தபோது அத்தை குளித்து, தலை துவட்டி, அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கோடி போச்சாமே" என்றாள் அம்மாவிடம். நல்ல நடிகை. இடது காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் சேறு இருந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நெமிலியிலிருந்து திரும்பிய அந்த ஊர்க்காரர்கள் இலையை இடுக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கள் கோடியில் கிடந்த காலிச் சாக்குகளை அலசிக் காயப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மல்லாட்டை கட்ட ஆகுமாம். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெரியப்பா புதுத் துண்டு போட்டுக்கொண்டு, கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டு, வரிசையில் நேராகப் பையனின் அப்பாவிடம் போனார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வாளிக்குள் துழாவி ஒரு கழுத்தெலும்பைத் தேடி எடுத்தார். போட்டார். நிமிர்ந்தார். இத்தனை வருஷம் மென்றதைச் சொன்னார்.

"கூச்சப்படாம சாப்புடுங்க."

"எனுக்கு இன்னா கூச்சம்," என்றார் அவர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "கொழம்பு நல்லாகீது. இன்னொரு கரண்டி உடுங்க."

பெரியப்பா ஒரு கணம் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு விட்டார். கொஞ்சம் யோசித்து, ஈரலும் ஒரு துண்டு வைத்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அத்தை கழுத்தில் தாலி ஏறியபோது மாப்பிள்ளையின் நகக்கண்ணில் இன்னும் கோடி மண் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அது வெற்றிலைக் கறையாகவும் இருக்கலாம். பந்தியெல்லாம் முடிந்து, சம்பந்திகள் இரண்டு பேரும் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். இனி வருஷா வருஷம் எங்கள் கோடிதான் முதலில் போகும், தண்ணீர் நிரந்தரமாக நேராகிவிட்டது என்று இன்னொரு தடவை விளக்கினார்.

பையனின் அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"ரொம்ப சந்தோசம் சம்பந்தி. கோடி போறப்பல்லாம் ரெண்டு ஊருக்கும் ஆக்கிப் போட்டுப் போட்டு எங்களுக்கு இடுப்பே ஒடிஞ்சிடுச்சி. எப்படா இவங்களுது போவும்னு நாங்க கும்புடாத சாமி இல்ல. நீங்க போட்ட மண்ணு எங்க கரையில நின்னு பாத்தாலே பச்சையா தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்களே மம்முட்டி எடுத்துக்கினு வந்து வெட்டி உட்டிருப்போமே."